சுற்றுச்சூழல் படிப்பு: நான்கு வாசல்களில் எதில் நுழைவது?

சுற்றுச்சூழல் சம்பந்தமாகப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த படியிலேயே தடுமாறி நிற்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். ஒன்று, என்விரான்மென்டல் ஸ்டடீஸ் எனப்படும் சுற்றுச்சூழல் ஆய்வியல். இரண்டு, சுற்றுச்சூழல் அறிவியல். மூன்று, சுற்றுச்சூழல் பொறியியல். நான்காவது வழிக்குத் தனிப் பெயர் கிடையாது. வேதியியல், நிலவியல், பொருளாதாரம், சட்டம் என்று ஏதாவது ஒரு அடிப்படைத் துறையில் பட்டம் வாங்கிவிட்டு, முதுகலையில் சுற்றுச்சூழல் பக்கம் திரும்புவது. பெயர்கள் எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே சேர்ந்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். படிப்பு முடியும்போதுதான் எவ்வளவு தூரம் பிரிந்து வந்துவிட்டோம் என்று தெரிகிறது.

பாடப்பிரிவின் பெயரை வைத்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீராது. படித்து முடித்து வேலைக்குப் போகும் நாளில் உங்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்று பாருங்கள். தண்ணீர் மாதிரி எடுத்து அளக்கத் தெரியுமா? ஒரு சுத்திகரிப்புத் தொட்டியை வடிவமைக்கத் தெரியுமா? ஒரு வரைபடத்தைப் பிரித்து, அதில் மறைந்திருக்கும் விஷயத்தைக் காட்டத் தெரியுமா? ஒரு சட்டப் பிரிவை வைத்து வாதாடத் தெரியுமா? வேலை கொடுப்பவர் இதற்குத்தான் சம்பளம் தருகிறார். இயற்கை மேல் உள்ள அக்கறை எல்லா விண்ணப்பத்திலும் எழுதப்பட்டிருக்கும். அந்த அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்தத் துறையில் பத்து வருடம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆனால் கூடவே ஒரு கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கைவேலையைச் சுற்றித்தான் ஒப்பிடப் போகிறேன்.

ஒரு நகரத்தின் தண்ணீர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு நகரம். அதுவரை டெட்ராய்ட்டிலிருந்து குடிநீர் வாங்கிக்கொண்டிருந்த அந்த நகரம், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. ஆற்றுநீரில் குளோரைடு அதிகம், குழாயை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டை அதில் கலக்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உள்பக்கம் வருடக்கணக்காகப் படிந்திருந்த பாதுகாப்புப் படலம் கரைய ஆரம்பித்தது, ஈயம் தண்ணீரில் இறங்கியது. அதே வருடம் அக்டோபரில், உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அங்கிருந்த ஓர் எஞ்சின் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. வீடுகளில் இருந்தவர்கள் இன்னும் ஒரு வருடம் அதையேதான் பயன்படுத்தினார்கள்.

இது எப்படி வெளியே வந்தது என்று பார்த்தால், நம் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. முதலில் குரல் கொடுத்தவர்கள் குடியிருந்தவர்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய், குழந்தைகளின் தோலில் தடிப்பு வருவதைப் பார்த்து, வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி விடாமல் கேட்டார். மிகேல் டெல் டோரல் என்ற மத்தியச் சுற்றுச்சூழல் முகமை அதிகாரி, அரிப்புத் தடுப்பு செய்யப்படவில்லை என்பதை 2015 ஜூனில் குறிப்பாக எழுதி வைத்தார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ், தன் குழுவோடு சேர்ந்து வீடு வீடாக மாதிரிப் பாட்டில்களை அனுப்பி, நூற்றுக்கணக்கான மாதிரிகளில் ஈயத்தை அளந்தார். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து 2015 செப்டம்பரில் வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை.

அடுத்து வருகிறவர் ரிச்சர்ட் சாட்லர், புவியியலாளர். இவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகக் கூட்டிப் பார்ப்பதுதான் எளிய வழி. ஆனால் ஃபிளின்ட் என்று பெயர் போட்ட அஞ்சல் எண்களுக்குள், நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் வீடுகளும் வரும். அந்த வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் போகவே இல்லை. அங்குள்ள குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பாதிப்பு நீர்த்துப்போய்ச் சின்னதாகத் தெரியும். சாட்லர் ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, நகரக் குடிநீர் போகும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தார். ஹன்னா-அட்டிஷாவும் சாட்லரும் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, ரத்தத்தில் ஈய அளவு கூடியிருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தது. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. அப்புறம் வழக்கறிஞர்கள் வந்தார்கள். 2017ல் நீதிமன்றம் மூலம் ஏற்பட்ட உடன்பாட்டில், ஈயக் குழாய்களை மாற்றிக்கொடுக்க மாநிலம் ஒப்புக்கொண்டது.

இத்தனை பேரில் யாருடைய வேலை சுற்றுச்சூழல் வேலை? எல்லாருடையதும்தான். ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்திருக்க முடியாது. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தக் கதையில் எந்த ஆளாக இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆய்வியல்: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் படிப்பு

சுற்றுச்சூழல் ஆய்வியலில் சூழலியல் கொஞ்சம், பொருளாதாரம் கொஞ்சம், சட்டமும் கொள்கையும், வரலாறு, அறவியல், சமூகவியல் எல்லாம் கலந்து வரும். ஒரு அணை கட்டினால் ஆற்று மீனுக்கு என்ன ஆகும் என்பதோடு, யாருடைய நிலம் மூழ்கும், அவர்களிடம் யார் கேட்டார்கள், இழப்பீட்டை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசக் கற்றுக்கொடுப்பது இந்தப் படிப்புதான். மற்ற மூன்று வழிகளிலும் இந்தப் பார்வை தானாகக் கிடைக்காது. நல்ல பொறியாளர்களே இதில் சறுக்குவார்கள்.

இந்தப் படிப்பு இட்டுச்செல்லும் வேலைகளில் பெரியது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் தொடங்கியது இந்த முறை. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில், பெரிய திட்டம் எதையும் தொடங்கும் முன் இப்படியொரு அறிக்கை தேவை. இப்போது காற்று, நீர், சத்தம், தாவரங்கள், விலங்குகள், மக்கள் என்று எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன. திட்டம் வந்தால் என்ன மாறும். வேறு வழி உண்டா. திட்டமே வேண்டாம் என்றால் என்ன ஆகும். பாதிப்பைக் குறைக்க என்ன செய்யப்போகிறார்கள்? இத்தனையும் அதில் இருக்க வேண்டும். அளவீடுகளை மற்றவர்கள் எடுத்துத் தருவார்கள். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று முதலில் வரையறுப்பது, துண்டு துண்டாக வரும் அறிக்கைகளை ஒன்றாக்குவது, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது, இவையெல்லாம் ஆய்வியல் படித்தவருக்கு நன்றாக வரும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, "அங்கே சுரங்கம் தோண்டினால் என் கிணறு வற்றிவிடுமா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அறிக்கையில் நிலத்தடி நீர் பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. அந்த நாற்பது பக்கத்தையும் புரிந்துகொண்டு, அவருக்கு விளங்கும்படி, பொய் கலக்காமல், ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். நிலத்தடி நீர் நிபுணரால் பல நேரம் அது முடிவதில்லை. முடிகிற ஆள் ரொம்ப அபூர்வம். ஆய்வியல் படிப்பு ஒழுங்காக நடந்தால் அப்படிப்பட்ட ஆளை உருவாக்கும்.

இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. பல நாடுகளில் இந்த அறிக்கையைத் தயாரிக்கும் கன்சல்டன்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது, திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனிதான். பாதகமான ஒரு கண்டுபிடிப்பைக் கொஞ்சம் மென்மையாக எழுதச் சொல்லி அழுத்தம் வரலாம். அந்த நேரத்தில் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் நிற்பார். எழுத மட்டும் தெரிந்தவருக்கு எதிர்த்துப் பேச ஆதாரம் கையில் இருக்காது. இதனால்தான் ஆய்வியல் மாணவர்களும் கணக்கை விட்டு ஓடக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், நிறுவனங்களில் நிலைத்தன்மை அறிக்கை தயாரிக்கும் வேலைகள் இருக்கின்றன. கார்பன் கணக்கு, அதாவது நிறுவனத்தால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்ற கணக்கு, இதில் முக்கியமான பகுதி. நிறுவனம் தானே எரிக்கும் டீசலும் எரிவாயுவும் முதல் வகை, வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை, பொருள் வாங்குவதிலிருந்து விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்துவது வரை மற்றதெல்லாம் மூன்றாம் வகை. கேட்க எளிது. நடைமுறையில் முழு நாளும் எக்செல் முன்னால் உட்கார்ந்து, பத்துக் கிளைகளிடமிருந்து மின் கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கி, உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகும் என்ற எண்ணால்) பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் வகை எண்களில் எவ்வளவு ஊகம் கலந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் நாணயமான அறிக்கை எழுத முடியும். இந்த வேலையைப் பிடித்துச் செய்பவர்களும் உண்டு. காட்டையும் கடலையும் நினைத்துக்கொண்டு சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும்.

கொள்கை ஆய்வு, தொண்டு நிறுவனம், பத்திரிகை, பள்ளிக் கல்வி ஆகியவையும் இந்த வாசலிலிருந்து போகக்கூடியவை. ஆனால் இந்தப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் போட்டி கடுமையாக இருக்கும், ஏனென்றால் அதே வேலைக்குப் பொருளாதாரம் படித்தவரும் அரசியல் அறிவியல் படித்தவரும் விண்ணப்பிப்பார்கள். அவர்களிடம் ஒரு கருவி இருக்கும், உங்களிடமும் ஒன்று இருந்தாக வேண்டும். அது எது என்று அப்புறம் சொல்கிறேன்.

அறிவியல்: அளந்து சொல்பவர்கள்

சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்தால் வேதியியல், உயிரியல், மண், காற்று, நீர், புள்ளியியல் என்று போகும். ஆய்வகமும் களப்பணியும் சேர்ந்தே வரும். இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் பழைய பரிசோதனை ஒன்றைச் சொல்கிறேன். 1888ல் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் கண்டுபிடித்தது.

கண்ணாடிப் பாட்டிலில், ஒரு காற்றுக்குமிழ்கூடச் சிக்காமல் ஆற்றுநீரை நிரப்ப வேண்டும். குமிழ் சிக்கினால் அளவே தப்பு. மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பு நிற வீழ்படிவு திரண்டு கீழே இறங்கும். வீழ்படிவு வெள்ளையாகவே இருந்தால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை, மீனும் இருக்காது. பிறகு அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்த்தால் சட்டென்று நீலம் வரும். நீலம் மறையும் அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்த வேண்டும். அடுத்த பாட்டிலை எடுத்து இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கடுத்த பாட்டில், அதற்கும் அடுத்தது. இன்று மின்முனை வைத்த கருவிகள் நொடியில் எண்ணைக் காட்டிவிடுகின்றன. ஆனாலும் கருவி காட்டும் எண் சரியா என்று சந்தேகப்படத் தெரிய, இதைக் கையால் ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும்.

இதே மாதிரியை இருட்டில், 20 டிகிரி செல்சியஸில், ஐந்து நாள் வைத்திருந்து மறுபடியும் அளந்தால், நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று தெரியும். கழிவுநீர் எவ்வளவு மோசம் என்று சொல்ல உலகம் முழுக்கப் பயன்படும் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) என்ற அளவு இதுதான். ஒரு தொழிற்சாலைக்கு எதிராக நடவடிக்கை எடுக்கலாமா என்பது சில நேரம் இந்த ஒரே எண்ணில் நிற்கும். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தக் குளிரில் வைக்கப்பட்டது என்ற பதிவேட்டில் ஓட்டை இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முழு வழக்கையும் உடைத்துவிடுவார்.

இந்தப் படிப்பை முடித்தவர்கள் ஆய்வகப் பகுப்பாய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் அதிகாரி, தாக்க மதிப்பீட்டில் களத் தரவு சேகரிப்பவர், காற்றுத் தரக் கண்காணிப்பாளர், செயற்கைக்கோள் படங்களைப் படிப்பவர் என்று போகலாம். ஆரம்ப வேலை கிடைப்பது ஆய்வியலைவிட எளிது என்பது என் எண்ணம், காரணம் முதல் நாளிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உங்களுக்குத் தெரியும். குறை என்னவென்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்திருப்பீர்கள். வேதியியல் மட்டும் படித்தவரோடு ஆய்வகத்திலும், புள்ளியியல் மட்டும் படித்தவரோடு கணக்கிலும் போட்டி போட வேண்டிவரும். மேலே ஏற வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு முதுகலை தேவைப்படும். எதில் ஆழமாகப் போவது என்பதை இரண்டாம் வருடத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்பை நினைத்து இதில் சேர்கிறவர்கள் நிறைய. அந்த வேலைகள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. பலவும் சில மாத ஒப்பந்தங்கள். தன்னார்வலராகத் தொடங்கி இடம்பிடித்தவர்கள்தான் அதிகம். ஆசையை விட வேண்டாம். முதல் சில வருடங்களைச் சமாளிக்க இரண்டாவதாக ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல்

1914ல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதில் வளரும் நுண்ணுயிர்ச் சேற்றை வெளியே கொட்டாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தினால் நீர் வேகமாகச் சுத்தமாகிறது என்று காட்டினார்கள். இன்றைக்கும் உலகின் பெரிய நகரங்களின் சாக்கடை நீர் பெரும்பாலும் இந்த முறையில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. எத்தனை பேர் உயிர் இதனால் பிழைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

பொறியியல் வழி நேரானது. கணிதம், பாய்ம இயக்கவியல், வேதியியல், வடிவமைப்பு. குடிநீர் விநியோகம், கழிவுநீர் சுத்திகரிப்பு, புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் கருவிகள், குப்பைக் கிடங்கு என்று வேலைகளும் தெளிவாக இருக்கும். பல நாடுகளில் வடிவமைப்பில் கையெழுத்துப் போடப் பதிவுபெற்ற பொறியாளருக்கு மட்டும்தான் உரிமை. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, பொறுப்பும் உண்டு. வேலை நிச்சயம் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் நான்கில் இதுதான் முன்னால் நிற்கும். ஆனால் இது பம்பும் குழாயும் சேறும் சம்பந்தப்பட்ட வேலை. இயற்கையோடு இருக்க வேண்டும் என்று சேர்பவர்கள் ஏமாறுவார்கள். கணிதம் பிடிக்காதவர்கள் வேலைக்காக மட்டும் இதில் நுழைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் எடைபோட்டுப் பாருங்கள். பொறியியலோ அறிவியலோ முடித்தவர் பின்னால் கொள்கை படிக்கப் போகலாம், கதவு திறந்தே இருக்கும். ஆய்வியல் முடித்தவர் பொறியியல் முதுகலைக்குப் போக நினைத்தால், கணிதமும் இயற்பியலும் இல்லாததால் பெரும்பாலும் மறுபடி இளங்கலைப் பாடங்களிலிருந்து தொடங்க வேண்டிவரும். எதில் சேர்வது என்று உண்மையிலேயே முடிவு செய்ய முடியாதவர்களும், கணிதம் ஓரளவு வருகிறவர்களும், கணிதம் உள்ள பக்கமாகச் சாய்வது நல்லது.

அடிப்படைத் துறை வழியாகச் சுற்றி வருவது

சுற்றுச்சூழல் வரலாற்றின் பெரிய திருப்பங்கள் சிலவற்றைச் செய்தவர்கள் சுற்றுச்சூழல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கசியும் குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974ல் சொன்ன மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் வேதியியலாளர்கள். 1987ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, 1995ல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்தது. மேய்ச்சல் நிலம், பாசன நீர், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், அரசியல் அறிவியல் படித்தவர்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் கிளேர் பேட்டர்சன். புவிவேதியியலாளர். பூமியின் வயதைக் கண்டுபிடிக்க, விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை அளக்கத் தொடங்கினார். எங்கே பார்த்தாலும் வெளியிலிருந்து ஈயம் கலந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க, தூசி புகாத ஆய்வகம் ஒன்றைக் கட்டினார். 1956ல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். ஆனால் அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. பெட்ரோலில் கலக்கப்படும் ஈயம் உலகம் முழுக்கப் பரவியிருப்பதை 1965ல் எழுதினார், தொழில்துறையின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021ல். ஃபிளின்ட் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைத் தேட வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குப் பின்னால், இவரைப் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் அளந்து வைத்த எண்கள் இருக்கின்றன.

பேராசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ போக வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால், நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஒரு துறையில் ஆழமான பிடி கிடைக்கும், சுற்றுச்சூழல் கேள்விகளை முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் எடுத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் வழக்கறிஞராக வேண்டுமானால் யோசிக்கவே வேண்டாம், சட்டம்தான் படிக்க வேண்டும். இதில் ஆபத்து ஒன்று உண்டு. மூன்று நான்கு வருடம் வகுப்பில் ஆற்றையும் காட்டையும் பற்றிப் பேச்சே இருக்காது. முதுகலைக்குப் போக வசதி அமையாமல் போனால், மருந்துக் கம்பெனியிலோ வங்கியிலோ வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிடுவதும் நடக்கும்.

சரி, எதில் சேர்வது?

கொள்கை, மக்கள், பேச்சு, எழுத்து என்று மனம் போகிறவர்களுக்கு ஆய்வியல் நல்ல படிப்பு. அதை இரண்டாம் தரமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே ஒரு கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் தேர்வு ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித்தகவல் அமைப்பு. சாட்லர் ஃபிளின்ட்டில் செய்தது இதைத்தான். இரண்டாவது புள்ளியியல். மூன்றாவது, துணைப்பாடமாகச் சட்டம் அல்லது பொருளாதாரம். மூன்றில் ஏதாவது ஒன்று போதும், ஆனால் அதை அரைகுறையாக விடக்கூடாது.

கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை. ஜி.ஐ.எஸ். வேலைக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புள்ளியியலுக்கு ஆர் என்ற இலவச மொழி இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972லிருந்து பூமியைப் படமெடுத்துவருகின்றன, 2008லிருந்து அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஒரு விடுமுறையில், மத்திய ஆசியாவில் பெருமளவு வற்றிப்போன ஏரல் கடலின் படங்களைப் பத்து வருட இடைவெளியில் இறக்கிக்கொண்டு, தண்ணீர் உள்ள பரப்பைப் பிரித்து, எத்தனை சதுர கிலோமீட்டர் காணாமல் போயிருக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நேர்காணலில் இந்த ஒரு வரைபடத்தை வைத்து அரை மணி நேரம் பேசலாம். எங்கே மேகம் மறைத்தது, ஆழமற்ற நீரை மண் என்று கணினி எப்படித் தப்பாக எடுத்துக்கொண்டது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களுக்கு வேலை தெரியும் என்று புரிந்துவிடும்.

கைகளை நனைத்துக்கொண்டு வேலை செய்யப் பிடிக்கும், ஒரே அளவீட்டை நூறு முறை எடுத்தாலும் சலிக்காது என்பவர்களுக்கு அறிவியல். கணிதம் வரும், செய்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் என்றால் பொறியியல். ஒரே கேள்வியைப் பத்து வருடம் துரத்தும் குணம் இருந்தால் அடிப்படைத் துறை.

பல்கலைக்கழகங்களைப் பார்க்கும்போது விளம்பரப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுச் சில கேள்விகளைக் கேளுங்கள். களப்பணி எத்தனை நாள், அது மதிப்பெண்ணில் சேருமா? புள்ளியியலும் ஜி.ஐ.எஸ்.ஸும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? இறுதியாண்டு ஆய்வில் மாணவர் தானே தரவு எடுக்கிறாரா, அல்லது படித்துத் தொகுப்பதோடு சரியா? இரண்டு வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் துறையில் சரியான பதில் கிடைக்காவிட்டால், முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரையே தேடிப் பிடித்துப் பேசுங்கள். வேலையின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், நேற்று அலுவலகத்தில் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

இதற்கப்புறமும் இரண்டு பாடப்பிரிவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், இரண்டு துறைகளின் மூன்றாம் வருட வகுப்பு அட்டவணையையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒன்றில் நீர் மாதிரிப் பரிசோதனை இருக்கும், இன்னொன்றில் கொள்கை விவாதம் இருக்கும். எந்த வகுப்புக்கு லேட்டாகப் போக உங்களுக்கு மனம் வராதோ, அந்தத் துறையின் விண்ணப்பத்தை முதலில் நிரப்புங்கள்.